சாய்ந்து நின்ற பூவாடைக்காரி

"ட்ரீயீயீயீங்!"

அலறியது தர்ஷனின் தலை. சரியாகச் சொன்னால், தலையில் கவிழ்த்திருந்த தொப்பி.

கூடத்தில் இருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சமையலறையில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். சம்பந்தி அம்மாள் உமையாளின் டம்ளரில் இருந்த காபி, புடவையில் விழுவதா தரையில் விழுவதா என்று ஒரு கணம் யோசித்து இரண்டிலும் விழுந்தது.

"இன்னா, தீ கீ பிடிச்சுக்கிச்சா?" என்று எழுந்தார் தர்ஷனின் அண்ணன் பிரபாகர். வயது எழுபத்து நான்கு. குரல் மட்டும் இருபத்து நான்கு.

"இல்லீங்கய்யா. காலின்னு கத்துது" என்றாள் ஜெசிந்தா. 'மறுவாசல்' நிறுவனத்திலிருந்து கருவிகளோடு வந்திருந்த பெண்.

"எது காலி?"

"சாரோட தலை."

கூடம் முழுக்க வெடித்துச் சிரித்தது. வெடிக்காதா? தர்ஷன் செஞ்சி மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். அவர் மீசையைத் தடவினால் மூன்று வகுப்புகள் தள்ளி இருப்பவனும் வாயை மூடுவான். அப்படிப்பட்ட தலை காலி என்று ஒரு இயந்திரம் சம்பந்தி வீட்டார் முன்னால் ஊளையிட்டால்?

"இன்னொரு தடவை வெச்சுப் பாரும்மா. வயர் எங்கயாவது லூஸா இருக்கும்" என்றார் தர்ஷன், மிகக் கண்ணியமாக.

இன்னொரு தடவை வைத்தாள். ட்ரீயீயீயீங்!

"சார், நினைவு ரெண்டு வகை" என்று மெல்ல விளக்கினாள் ஜெசிந்தா. "நேர்ல பார்த்தது ஒண்ணு, அடுத்தவங்க சொல்லிக் கேட்டது ஒண்ணு. பார்த்ததுக்குப் பச்சை விளக்கு எரியும், கேட்டதுக்குச் சிவப்பு. வினோதினியம்மா பத்தி உங்க தலையில நாப்பத்தேழு சம்பவம் இருக்கு. வந்திருக்கற யாரை விடவும் அதிகம்."

"பார்த்தியா?" என்று அண்ணனைப் பார்த்து நிமிர்ந்தார் தர்ஷன்.

"நாப்பத்தேழும் சிவப்பு சார்."

"எல்லாமேவா?"

"ஒண்ணு விடாம. பக்கத்துல பார்த்து எழுதினது." ஜெசிந்தாவின் உதட்டோரம் துடித்தது. "எட்டாம் வகுப்புல இதுக்குத்தான் சார் என்னை ரெண்டு பீரியட் வெளிய நிக்க வெச்சீங்க."

சரண்யா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தர்ஷனின் அக்கா, அறுபத்தைந்து வயது. "இவனுக்கு எப்படிம்மா பச்சை எரியும்? வினோ போனப்ப இவனுக்கு ரெண்டே கால் வயசு. அம்மாவுக்கு நாப்பத்தோரு வயசுல பொறந்த கடைக்குட்டி. வயசுக்கு வந்த பொண்ணை வெச்சுக்கிட்டு இது வேறயான்னு அம்மா பிரசவத்துக்கே முக்காடு போட்டுக்கிட்டுதான் போச்சு!"

"சின்னக்கா, சம்பந்தி இருக்காங்க" என்றார் தர்ஷன் பல்லுக்குள்.

"இருக்கட்டுமே. நாளைக்கு அவங்களுக்கும் தெரிய வேண்டியதுதானே" என்றாள் சரண்யா.

வினோதினி இவர்களுக்கெல்லாம் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிரபாகருக்குத் தங்கை, மற்ற இருவருக்கும் அக்கா. கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது டெங்குக் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். பத்தொன்பது வயது. அது நடந்து ஐம்பது வருடமாகிறது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாழ வேண்டிய வயதில் போன பெண், அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி ஆகிவிடுவாள். வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் புடவை அவளுக்குத்தான். செம்பில் தண்ணீர் வைத்து, மேலே பூச்சரம் வைத்து, பெண்ணைப் பெற்றவர் கைகூப்பி, "நடத்தலாமா தாயே?" என்று கேட்க வேண்டும். பூ தானாக நழுவி விழுந்தால் சம்மதம். அதன் பிறகே பந்தக்கால். விழத் தாமதமானால் யாராவது மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். சாமி காரியத்தில் அந்த அளவு உதவி தப்பில்லை.

தர்ஷனின் ஒரே மகள் மகிழினிதான் இந்த முறை குட்டையைக் குழப்பியவள். "செம்பைக் கேக்கறதுக்குப் பதிலா அத்தையையே நேர்ல கேட்டா என்னப்பா?" என்றாள். மறுவாசல் அப்போதுதான் திண்டிவனத்தில் கிளை திறந்திருந்தது. இறந்தவரை நேரில் பார்த்த மூன்று பேராவது தொப்பி போட்டுக்கொண்டால், அவர்கள் நினைவுகளைக் கோத்து ஆளை வெளிச்சத்தில் நிறுத்திவிடுவார்கள். பேசுவார். பதில் சொல்வார். நாற்பது நிமிடம்.

"ஏன் நாப்பது?" என்று அன்றைக்கே கேட்டார் பிரபாகர்.

"அதுக்கு மேல ஓடினா தெரியாததையெல்லாம் இயந்திரமே இட்டுக்கட்ட ஆரம்பிச்சிடும். அதனால சட்டப்படி அணைச்சிடணும்."

"எங்க வீட்டு ஆளுங்களை விடவா இட்டுக்கட்டப் போவுது?" என்றார் பிரபாகர்.

அதில் அதிகம் இட்டுக்கட்டியவர் தர்ஷன்தான். எந்த விசேஷத்திலும் வினோதினியின் கதைகளை அவர்தான் சொல்வார். "எங்கக்கா கபடியில ரெண்டு பேரைச் சேர்த்துப் பிடிச்சா பாருங்க!" என்று ஆரம்பித்தால் இலை போட்டதுகூடத் தெரியாமல் ஆட்கள் கேட்பார்கள். நேரில் பார்த்தவர் போலவே சொல்வார். வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, பார்த்ததாகவே நம்பியும் விட்டார். இப்போது ஒரு தொப்பி வந்து ஊளையிட்டது.

"மூணு பேர் போதும் சார். உங்க அண்ணன், அக்கா, அப்புறம் இக்பாலய்யா" என்று சமாதானம் சொன்னாள் ஜெசிந்தா. இக்பால், தெருமுனை பேக்கரிக்காரர். வினோதினியோடு ஒரே டியூஷனில் படித்தவர். எழுபது வயதில் மருமகனிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, கையில் ஒரு பொட்டலத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"ஆனா கேக்க வேண்டியது நான்தானே?" என்றார் தர்ஷன்.

"கேக்கறதுக்குத் தொப்பி வேணாம் சார். வாய் போதும்."

மணி ஒன்பதேமுக்கால். பந்தக்காலுக்கு நல்ல நேரம் பத்தரை வரை. ஜெசிந்தா கோலத்தின் நடுவே பணியாரச் சட்டி அளவு வட்டத் தட்டு ஒன்றை வைத்தாள். பக்கத்தில் செம்பு, பூச்சரம், மஞ்சள் பட்டுப் புடவை, சர்க்கரைப் பொங்கல்.

"ஒரே ஒரு விஷயம். அவங்களுக்குத் தான் இல்லைங்கறது தெரியாது. சொல்லிடாதீங்க. வீட்டுல ஏதோ விசேஷம்னு நெனச்சுப்பாங்க. தொப்பி போட்டவங்களை, நரைச்சிருந்தாலும், அவங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுடும்."

தட்டிலிருந்து வெளிச்சம் எழுந்தது. சோப்பு நுரை மாதிரி பொங்கி, நின்று, உருவமானது.

பச்சை சுடிதார். தலையில் பெரிய கிளிப். ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறுங்கால்.

"செருப்பு ஒண்ணுதான் வருது" என்று கிசுகிசுத்தாள் மகிழினி.

"உங்க பெரியப்பா நினைவுல வெறுங்கால். இக்பாலய்யா நினைவுல செருப்பு. இயந்திரம் ஆளுக்கு ஒரு கால்னு தீர்ப்பு சொல்லிடுச்சு" என்றாள் ஜெசிந்தா.

எல்லோரும் பார்த்தது காலை இல்லை. வினோதினி நேராக நிற்கவில்லை. இடுப்பை இடப்பக்கம் தள்ளி, தோளை வலப்பக்கம் சாய்த்து, இடக்கையை மடக்கி, காற்றடித்த வாழை மாதிரி நின்றாள்.

"ஏன் சாமி கோணலா நிக்குது?" என்றார் சம்பந்தி அம்மாள்.

"எங்க தங்கச்சி ஒண்ணும் கோணல் இல்லீங்க. கபடி ஆடினவ!" என்று கொதித்தார் பிரபாகர்.

"தட்டு சாய்ஞ்சிருக்கும்" என்று குனிந்த ஜெசிந்தா, கைக்குக் கிடைத்த கல்யாணப் பத்திரிகையை நான்காக மடித்துத் தட்டின் கீழே செருகினாள். வெளிச்சம் நேரானது. வினோதினி இன்னும் கொஞ்சம் கோணலானாள்.

பிறகு கண்ணைத் திறந்தாள்.

"டேய் அண்ணா!" முதல் வார்த்தையே கூரையைத் தொட்டது. "உன் முடி எங்கடா போச்சு?"

பிரபாகர் வழுக்கையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவர் வாய் சிரித்தது, கண் வேறு வேலை பார்த்தது. "உன்னைத் தேடித்தான் போச்சு வினோ."

"ஹே சரணி! என் துப்பட்டா எங்க? நீதானே எடுத்த? பொய் சொல்லாத, உன் மூஞ்சியே சொல்லுது."

"நான்தான் எடுத்தேன். அடுப்புல விழுந்து ஓட்டையாயிடுச்சு. உன்கிட்டச் சொல்லவே இல்ல..." என்று ஐம்பது வருடம் கழித்து ஒப்புக்கொண்டாள் சரண்யா, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சிரித்தபடி.

"ஓட்டையா? இருடி, உன்னை... ஸ்ஸ், கம்மலை இழுக்காத!"

கம்மலை யாரும் இழுக்கவில்லை. அவளருகே யாருமே இல்லை.

"யார்கிட்டப் பேசுது?" என்றார் சம்பந்தி அம்மாள். தாமே பதிலும் கண்டுபிடித்தார். "சாமிக்கே சாமி வந்திருச்சு!"

"சிக்னல் கோளாறுங்க" என்றாள் ஜெசிந்தா, கையிலிருந்த தொடுதிரைப் பலகையை அவசரமாகத் தட்டிக்கொண்டு.

வினோதினி எதையும் கவனிக்கவில்லை. அவள் பார்வை மூலைக்குப் போயிருந்தது. "இக்பால்! கையில என்ன? முட்டை பப்ஸா?"

இக்பால் பொட்டலத்தைப் பிரித்தார். "ஆமா வினோ. ரெண்டு."

"இதுதான்யா மனுஷன்! நீங்களும் இருக்கீங்களே... இது என்ன, சர்க்கரைப் பொங்கலா? யாருக்கு?"

"உனக்குத்தான்" என்றார் பிரபாகர் பலவீனமாக.

"எனக்கு இனிப்பே பிடிக்காதே! அந்த மஞ்சள் புடவை?"

சரண்யா அதை மெல்லச் செம்புக்குப் பின்னால் நகர்த்தினாள்.

"மஞ்சளைக் கண்டாலே எனக்கு ஆகாதுன்னு தெரியாதா? போட்டா வாந்தி எடுத்த பூசணிக்கா மாதிரி இருப்பேன்!"

ஐம்பது வருடமாகப் பதினோரு கல்யாணத்துக்கும் பதினோரு மஞ்சள் புடவை வைத்துப் படைத்த குடும்பம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி எல்லோரையும் சாய்த்தது. சம்பந்தி வீட்டுக்காரர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தம்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். தெய்வம் தன் ஒற்றைச் செருப்பைத் தட்டிக்கொண்டு கூடவே சிரித்தது. அவள் சிரித்தபோது உடம்பு மேலும் கீழும் லேசாகக் குலுங்கியது, தூளியை ஆட்டுகிற மாதிரி ஒரு தாளத்தில்.

"சார், இருபது நிமிஷம் போயிடுச்சு" என்றாள் ஜெசிந்தா.

தர்ஷன் அங்கவஸ்திரத்தைச் சரி செய்தார். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த வசனம் அது. முன்னால் வந்து, கைகூப்பி, தொண்டையைச் செருமினார்.

"அக்கா. என் மக மகிழினிக்குக் கல்யாணம். உன் உத்தரவு வேணும். நடத்தலாமா?"

வினோதினி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பிரபாகர் பக்கம் தலையைச் சாய்த்துக் கிசுகிசுத்தாள். ஊருக்கே கேட்கிற கிசுகிசுப்பு.

"யாருடா அண்ணா இந்த அங்கிள்? மீசையைப் பார்த்தா எங்க ஹெச்.எம். மாதிரியே இருக்கார்."

இதற்கும் கூடம் சிரித்தது. தர்ஷனும் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

"நான்தான்கா. தர்ஷன்."

"தர்ஷனா? எந்த தர்ஷன்?" அவள் முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை. "கல்யாணம்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும் அங்கிள். ஆனா எங்க வீட்டு விஷயத்தை நீங்க ஏன் கேக்கறீங்க? அதெல்லாம் எங்க வீட்டு ஆளுங்க கேக்கணும்."

அண்ணன் கேட்கட்டும் என்றார் ஒருவர். பெற்றவர்தானே கேட்க வேண்டும் என்றார் இன்னொருவர். உத்தரவு கிடைக்காமல் எப்படிப் பந்தக்கால் என்று சம்பந்தி அம்மாள் முணுமுணுத்தார். தர்ஷனின் மனைவி ரூபா பழக்க தோஷத்தில் போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். செம்பின் மேலிருந்த பூ அசையவே இல்லை. ஜெசிந்தா முன்ஜாக்கிரதையாக அதற்கு ஒரு பசைநாடா ஒட்டியிருந்தாள்.

தர்ஷன் சத்தமில்லாமல் பின்கட்டுக்கு நழுவினார்.

மகிழினி தேடி வந்தபோது அவர் துணிக்கொடியின் கீழே நின்று, காய்ந்த துண்டு ஒன்றை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது மெஷின். தொப்பி போடாதவங்களை அதுக்குத் தெரியாது. இதுக்குப் போயி..."

"தெரியும்மா. நானும் விஞ்ஞானம் எடுத்தவன்தானே."

"அப்புறம் என்ன?"

"உங்க பெரியப்பாகிட்ட அவ கொஞ்சம் இருக்கா. சரண்யா அத்தைகிட்ட கொஞ்சம். பேக்கரிக்காரர்கிட்டகூட ரெண்டு பப்ஸ் அளவு இருக்கா. கூடப் பிறந்தவன் என்கிட்ட மட்டும் ஒண்ணும் இல்ல." துண்டை நான்காவது முறை மடித்தார். "அதனாலதான் எல்லார்கிட்ட இருந்தும் வாங்கி வாங்கிச் சேர்த்து வெச்சேன். நாப்பத்தேழு. அவங்களை விட அழகா சொன்னேன். ஒரு தடவையாவது அந்தக் கதையில ஓரமா நான் நிப்பேனான்னு பார்ப்பேன். எதுலயும் இல்ல. அவ இருந்த வீட்டுல நான் இருந்தேனாங்கறதே சந்தேகமா இருக்கு."

மகிழினி அப்பா கையிலிருந்து துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள்.

"சார்! சார், ஓடி வாங்க!" உள்ளே ஜெசிந்தாவின் கூச்சல்.

கூடத்தில் ஜெசிந்தா பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பில் சரியான விடை கண்டுபிடித்தபோதும் அவள் இப்படித்தான் குதிப்பாள். விடை யாருடையது என்பதில்தான் தகராறு.

"கோணல் பழுதே இல்ல சார்! தட்டு சரி, வெளிச்சம் சரி. மூணு பேர் நினைவையும் தனித்தனியா ஓட்டிப் பார்த்தேன். மூணுலயும் அவங்க இப்படித்தான் நிக்கறாங்க. வாசல்ல, பேக்கரில, கபடி வேடிக்கை பார்க்கறப்ப. எங்க பார்த்தாலும் இடுப்பு இடப்பக்கம். அந்த இடத்துல ஒரு ஓட்டை இருக்கு. இயந்திரம் எதையோ வெட்டி எடுத்திருக்கு."

"எதை?" என்றார் பிரபாகர்.

"உயிரோட இருக்கற ஒருத்தரை. இது சட்டம்ங்க. இறந்தவங்களைக் காட்டலாம். உயிரோட இருக்கறவங்க தன்னைக் காட்ட வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டா அவங்களை எல்லார் நினைவுல இருந்தும் அழிச்சுட்டுத்தான் காட்டணும். படிவத்துல யாரோ 'வேண்டாம்'னு கோடு போட்டிருக்காங்க."

சரண்யா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ... அண்ணா, நாம இதை எப்படி ஒரு தடவைகூடச் சொல்லல?"

"எதைச் சொல்றது? தினம் நடக்கறதை யாராவது கதைன்னு சொல்லுவாங்களா?" என்றார் பிரபாகர். அவருக்கும் புரிந்துவிட்டிருந்தது. அவர் கண் தர்ஷனைத் தேடியது. சரண்யாவின் கண்ணும். இக்பாலின் கண்ணும்.

தர்ஷனுக்கு மூன்று நாள் முன்பு படிவம் நிரப்பியது ஞாபகம் வந்தது. நாற்பதாவது கேள்வியோ நாற்பத்தோராவது கேள்வியோ: 'உங்கள் தோற்றம் இடம்பெறலாமா?' அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. காரணம் சரண்யா. எந்த விசேஷமாக இருந்தாலும், சாப்பாடு முடிந்து வெற்றிலை மடிக்கும்போது ஆரம்பித்துவிடுவாள்: "இவன் மூணு வயசு வரைக்கும் ஜட்டியே போட்டதில்ல. போட்டா ஊரையே கூட்டிடுவான். மேல்மலையனூர்த் திருவிழாவுல ஆயிரம் பேர் நடுவுல வெறும் அரைஞாண் கயிறோட..." ஒரு தலைமையாசிரியர், சம்பந்தி வீட்டார் முன்னால், ஒளி வெள்ளத்தில், அந்தக் கோலத்தில் தோன்றினால்? பேனாவே ஒடிகிற மாதிரி அழுத்தி 'வேண்டாம்' என்று கோடு போட்டிருந்தார்.

"நான்தான்" என்றார். குரல் பின்பெஞ்சு மாணவன் குரலாக இருந்தது.

"இப்பகூட மாத்திக்கலாம் சார். இங்க கட்டைவிரலை வெச்சா போதும்" என்றாள் ஜெசிந்தா. "ஒன்பது நிமிஷம் இருக்கு. ஆனா..."

"ஆனா?"

"என்ன கோலத்துல வருவீங்கன்னு நான் உத்தரவாதம் தர முடியாது."

"மூணு பேர் நினைவுலயும்... அதே கோலம்தானா?"

"மூணுலயும் பச்சை விளக்கு சார்."

பிரபாகர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஜட்டிக்குத் தனியா தொப்பி இருக்கான்னு கேளுடா!"

சம்பந்தி அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தார். மாப்பிள்ளையின் தம்பி கைப்பேசியை எடுத்தான். மகிழினி அவன் கையில் ஓங்கி ஒரு அடி போட்டு அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு முழுவதும் வந்து நின்றது போல தர்ஷனுக்குத் தோன்றியது.

அவர் வினோதினியைப் பார்த்தார். அவள் பாட்டுக்கு இக்பாலிடம் ஏதோ வம்பளந்துகொண்டு, அந்தத் தாளத்தில் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தாள். மடங்கிய இடக்கை நடுநடுவே காற்றில் இரண்டு தட்டு தட்டியது. சும்மா இருந்த கை இல்லை அது.

"இங்கயா வைக்கணும்?" என்றார்.

"இங்கதான் சார்."

"யாரும் சிரிக்கக் கூடாது" என்று கூடத்தைப் பார்த்துத் தலைமையாசிரியர் குரலில் ஒரு அறிவிப்பு செய்தார். அதற்கே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மீசையைத் தடவிக்கொண்டார். கட்டைவிரலை அழுத்தினார்.

"உருவம் வரக் கொஞ்சம் நேரமாகும்" என்றாள் ஜெசிந்தா, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

வினோதினி பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். இடுப்பில் ஏதோ கனம் கூடியது போல இன்னும் கொஞ்சம் சாய்ந்து, வலக்கையால் கம்மலை விடுவித்துக்கொண்டாள். கன்னத்தில் பட்ட ஈரத்தைத் தோளில் துடைத்தாள். "ச்சீ, எச்சில்!" என்றாள், துளியும் கோபமில்லாமல். குனிந்து, இன்னும் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு தலையில் மூக்கைத் தேய்த்தாள்.

பிறகு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். வாழைமரம், இன்னும் நடாமல் சாத்தி வைத்த பந்தக்கால், பூக்கூடை, வேலை செய்யாமல் வாய் பிளந்து நிற்கும் ஒரு கூட்டம். அவள் பார்வை, எல்லோருக்கும் முன்னால் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற ஐம்பத்திரண்டு வயது மனிதரிடம் வந்து நின்றது.

"அங்கிள், நீங்க சும்மாதானே நிக்கறீங்க? இந்தத் தடியனைக் கொஞ்சம் வாங்கிக்கோங்களேன், என் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டேங்கறான்... எனக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு!"